பதினோரு இடத்தில் பதில் இல்லை

மரியதாசனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. "இதை ஆர் செய்யிறது?" என்று யாராவது கேட்டு முடிக்க முன்னமே அவருடைய வலக்கை மேலே போய்விடும். என்ன வேலை என்பதை அதன் பிறகுதான் யோசிப்பார். செயின்ட்-மிஷேலில் எங்கள் நாடகக் கூடத்துக்கு மேடைப் பலகைகளை மூன்று மாடி சுமந்து ஏற்றியது அந்தக் கைதான். மாசி மாதத்தில் உறைந்துபோன தண்ணீர்க் குழாய்க்குத் துணி சுற்றி வெந்நீர் ஊற்றி இளக்கியதும் அதே கைதான். நாங்கள் அந்தக் கையைப் பார்த்துச் சிரிப்போம். அது எங்கே பழகிய கை என்று ஒருவரும் கேட்டதில்லை.

கூடத்தைச் சொல்லாமல் அவரைச் சொல்ல வராது.

எண்பத்துநாலாம் ஆண்டின் தொடக்கத்தில் அதைத் திறந்தோம். கீழே இரண்டு மாடியும் பின்னல் மெஷின்கள். எங்களுடையது முன்பு மெத்தை தைத்த இடம். எவ்வளவு கூட்டினாலும் மூலைகளிலிருந்து பஞ்சு வந்துகொண்டேயிருக்கும். கிழமை நாட்களில் செலீன் என்ற பொம்மலாட்டக்காரியும் அவளுடைய ஆட்களும் பாவித்தார்கள். சனிக்கிழமை எங்களுக்கு. பின்னேரம் ஐந்து மணிக்கு மெஷின்கள் நின்றதும் நாடகம் தொடங்கும். சுவரோரம் சூடு தரும் இரும்புக் குழாய் மட்டும் எதற்கும் நிற்காது. யாரோ உள்ளேயிருந்து விரலால் தட்டுவது போல டக் டக்கென்று அடித்துக்கொண்டிருக்கும்.

நாங்கள் ஏழு பேர். ஊரில் நாங்கள் கண்ட மன்றங்களில் தலைவர், உபதலைவர், காப்பாளர் எல்லோரும் பேசி முடித்து, பொன்னாடைகள் போர்த்தி முடித்த பிறகு, சனம் எழும்பிப் போகும் நேரத்தில்தான் நாடகம் வரும். இங்கே அந்த வேலையே வேண்டாம் என்று முடிவு கட்டினோம். எங்களுக்குத் தலைவர் கிடையாது. எதற்கும் ஏழு கையும் உயர வேண்டும். ஒரு கை கீழே கிடந்தாலும் அந்தக் காரியம் நடக்காது. கை தூக்காதவரிடம் ஏன் என்று கேட்கவும் கூடாது. வேடங்களைப் பால்மா டின்னுக்குள் சீட்டுப் போட்டு எடுப்போம். சிவந்தவன் ராசா, கறுத்தவன் சேவகன் என்ற கணக்கு இந்தக் குளிருக்குள்ளும் வந்துவிடக் கூடாதென்று அப்படி வைத்தோம். கூட்டுவதற்கும் கக்கூஸ் கழுவுவதற்கும் அதே டின்தான். கக்கூஸ் சீட்டு யாருக்கு விழுந்தாலும் மரியதாசன் வாங்கிக்கொள்வார். "தாங்க தாங்க, எனக்கு இது கைவந்த வேல" என்பார். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களின் கழிப்பறை கழுவுவதுதான் அவருக்குக் கிடைத்திருந்த வேலை. அதைச் சொல்கிறார் என்று நினைத்தோம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. நாடகம் முடிந்தவுடன் வட்டம். நடித்தவர்கள் கீழே கதிரைகளில் போய் உட்கார, பார்த்தவர்கள் மேடைக்கு ஏறிக் குறை சொல்லுவார்கள். நடித்தவர் வாய் திறக்கக் கூடாது. இரண்டு கையும் முழங்காலில் இருக்க வேண்டும். என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"பதில் சொல்றவன் கத்துக்க மாட்டான்" என்பது உமாபதியின் வாக்கியம். உமாபதி தமிழ்நாட்டுக்காரர், பொறியியல் பேராசிரியர், பத்து வருடமாக நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் குடியிருந்தவர். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நிறைய நாடகம் பார்த்தவர். எங்களைப் போன்ற நேற்று வந்த அகதிகளோடு தரையில் குந்தி இருந்து, மெழுகுக் காகிதக் கோப்பையில் தேநீர் குடித்தார் என்பதே எங்களுக்குப் பெருமை. அவர் ஒன்று சொன்னால் கைகள் தாமாக உயர்ந்தன. தலைவர் இல்லாத கூடத்தில் அப்படியொருவருக்கு என்ன பெயர் என்று நாங்கள் யோசித்துப் பார்க்கவில்லை.

மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன். கதிர்காமத்தம்பி திருகோணமலை. உணவகமொன்றில் கோப்பை கழுவினாலும் வானொலிக்காரனின் குரல். றோசலினும் திருகோணமலைதான். முதியோர் விடுதியில் வேலை. அண்ணன் தம்பி இரண்டு பேர், எதற்கும் சேர்ந்தே கை தூக்குகிறவர்கள். பிறகு நான். தமிழும் ஆங்கிலமும் படித்தவன் என்ற ஒரே தகுதியில் கூட்டக் கொப்பி எழுதுவது என் வேலை. பிரெஞ்சு தெரியாததால் டெப்பனர் என்ற மூலைக் கடையில் பால் வாங்கவும் நடுங்குகிறவன்.

மட்டக்களப்பில் அரிசி ஆலையொன்றில் மூட்டை எடைபோட்டவர் மரியதாசன். மனைவி கிளி. மகள் எலிசாவுக்கு ஐந்து வயது. இரண்டு பேரும் அங்கேதான். இங்கே இவருக்கு அகதி என்ற ஒப்புதல் கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிட முடியும். திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று அப்போது எல்லோரும் தைரியம் சொன்னார்கள். திருப்பி அனுப்பாமல் இருப்பது வேறு, குடும்பத்தைக் கூப்பிட விடுவது வேறு.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை, கூட்டம் முடிகிற நேரம் எழும்பி நின்றார்.

"எனக்கு விசாரணைக்கு நாள் வந்திரிக்கி. எனக்குக் கதைக்கத் தெரியா. நீங்க நாலு பேருக்கு முன்னால கதைக்கிற ஆக்கள். என்னக் கொஞ்சம் பழக்கி விடுங்க."

ஏழு கையும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. கூடம் தொடங்கிய பிறகு அவ்வளவு வேகமாக எதற்கும் உயர்ந்ததில்லை.

மூன்று சனிக்கிழமை பழக்கினோம். அலுவலகத்தில் ஒரு அதிகாரி இருப்பார், மொழிபெயர்ப்பாளர் இருப்பார், சத்தியம் வாங்கிக் கேள்வி கேட்பார்கள், எல்லாவற்றையும் பதிவு செய்வார்கள். அவ்வளவும் தெரியும். மேடையில் மேசை போட்டு உமாபதி அதிகாரியாக உட்கார்ந்தார். மரியதாசன் தன் கதையைச் சொன்னார். எண்பத்துமூன்றில் மட்டக்களப்புச் சிறையுடைப்புக்குப் பிறகு ராணுவம் செய்த வளைப்பில் அவரையும் கிளியின் தம்பி அரியரத்தினத்தையும் பிடித்துப் போனார்கள். ஒரு பள்ளிக்கூட அறைக்குள் இருபத்திமூன்று பேர். ஏழாம் நாள் காலமை வாகனம் வந்து அறையிலிருந்தவர்களை ஏற்றிப்போனது. அவர்கள் திரும்பவில்லை. பத்தாம் நாள் மரியதாசனை மட்டும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

"ஏன் உங்களை மட்டும் விட்டாங்க?" என்று உமாபதி கேட்டார்.

"நான் கக்கூஸ் கழுவப் போனனான் சேர்."

அண்ணன் தம்பி இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். மரியதாசனும் கொஞ்சம் சிரித்தார். பிறகு சொன்னார்:

"முதல் நாளே ஒருத்தன் வந்து, ஆர் கக்கூஸ் கழுவுறது எண்டு கேட்டான். ஒருத்தரும் அசையல்ல. நான் கையத் தூக்கினன். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நான்தான். அண்டைக்கும் வாளியோட பின்பக்கம் நிக்கக்குள்ள வாகனம் வந்திட்டு. எண்ணி ஏத்தினானுகள். என்னச் சேத்து எண்ணல்ல. மச்சான் ஏறக்குள்ள என்னப் பாத்தவன். நான் வாளிய வெச்சிட்டுப் போகல்ல. கழுவிக்கொண்டே நிண்டன்."

குழாய் டக் டக்கென்று அடித்தது.

உமாபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உண்மைதான். ஆனா இது வேண்டாம், மரியதாசன். ஒரு மனுஷனோட துயரத்துல கக்கூஸ் வந்துட்டா, கேக்கறவன் மனசுல அதுதான் நிக்கும். மிச்சமெல்லாம் போயிடும்."

"அதோடை அண்ணை, நீங்கள் அவங்களுக்கு வேலை செய்து குடுத்த ஆள் எண்டும் எழுதிப்போடுவாங்கள்" என்றார் கதிர்காமத்தம்பி.

"அப்ப நான் என்னத்தச் சொல்லுற?"

"ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் உமாபதி. "அந்தக் கேள்வி வந்ததும் நிமிர்ந்து அவர் கண்ணைப் பாருங்க. கையை முழங்கால்ல வைங்க, வட்டத்துல வைப்பீங்களே அந்த மாதிரி. மனசுக்குள்ள இருபது எண்ணுங்க. எந்தப் பதிலையும்விட அது பெருசு."

"கேட்டதுக்குப் பதில் சொன்னால் என்ன குறைஞ்சு போகும்?" என்று றோசலின் முணுமுணுத்தா. ஆனால் கை தூக்கச் சொன்னபோது அவவும் தூக்கினா. நானும் தூக்கினேன். மரியதாசனும்.

செய்து பார்த்தார். என்ன சொல்ல, அது அபாரமாக இருந்தது. அதுவரை அவருக்கு டின்னிலிருந்து காவற்காரனும் தூதனும்தான் விழுந்திருந்தன. வட்டத்தில் அவரைத் திட்டாத ஆள் இல்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கூடம் அவருக்குக் கைதட்டியது. மனுஷன் வெட்கத்தில் காது சிவந்து நின்றார். அடுத்த கிழமை இன்னொரு கேள்விக்கும் அதேபோல வாய்மூடி இருந்தார். கைதட்டினோம். அதற்கடுத்த கிழமை இன்னும் சில இடங்களில். "இவருக்கு இப்ப பிடிபட்டுருச்சு" என்றார் உமாபதி.

விசாரணையன்று துணைக்குப் போய் நடைபாதையில் நான் காத்திருந்தேன். கதவு திறந்தபோது மொழிபெயர்ப்பாளரான அம்மா கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தா. பின்னால் மரியதாசன், கலியாண வீட்டிலிருந்து வருகிறவர் போல. இளையவர்களை மகனே என்பது அவர் வாயில் 'மனே' ஆகிவிடும்.

"மனே, அந்தப் பொம்பிள அழுதிட்டா! ஆபீசர் எழுதுறத நிப்பாட்டிப்போட்டு என்னப் பாத்தபடி இரிக்கான்."

அன்றிரவே கிளிக்குக் கடிதம் எழுதினார். சூட்கேஸ் ஒன்று வாங்கி வைக்கச் சொல்லி. பதில் ஆவணியில் வந்தது. சிவப்புச் சூட்கேஸ் வாங்கியாயிற்று, எலிசா அதற்குள்ளே சீலை விரித்துப் படுக்கிறாள், வேறெங்கும் படுக்கமாட்டேன் என்று அடம். அதைக் கூடத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்.

ஐப்பசியில் தடித்த உறை வந்தது. மரியதாசன் அதைப் பிரிக்காமலே கொண்டுவந்து என்னிடம் தந்தார். மேலே ஒரு பக்கக் கடிதம்: ஏற்றுக்கொள்ளவில்லை. கீழே, விசாரணையின் தட்டச்சுப் பிரதி, முப்பத்திநான்கு பக்கம். எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, நான் மொழிபெயர்த்து வாசித்தேன்.

"கேள்வி: உங்களை மட்டும் ஏன் விடுவித்தார்கள்? பதில்: பதில் இல்லை. கேள்வி: கேள்வி விளங்கியதா? பதில்: பதில் இல்லை. கேள்வி: உங்கள் மைத்துனரைக் கடைசியாக எங்கே கண்டீர்கள்? பதில்: பதில் இல்லை."

பதினோரு இடத்தில். நான் எண்ணினேன்.

முடிவெடுத்தவர்கள் தலைநகர் ஒட்டாவாவில் இருந்தார்கள். அவர்கள் மரியதாசனை ஒருநாளும் கண்டவர்களில்லை. அவர்கள் முன்னால் இருந்தது அந்தக் கடதாசிக் கட்டுத்தான். நிமிர்ந்து பார்த்ததோ முழங்காலில் கை இருந்ததோ மொழிபெயர்ப்பாளர் அழுததோ அதில் இல்லை. முக்கியமான கேள்விகளுக்கெல்லாம் வாய் திறக்காத ஒரு ஆள் மட்டும் இருந்தார். விசாரணைக்கு முன்னமே வந்த துண்டுப் பிரசுரத்தில், முடிவு எழுத்துப் பதிவின்படி எடுக்கப்படும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அதை இதே கூடத்தில் மொழிபெயர்த்து வாசித்தவன் நான். ஏழு பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். மேடையேறிப் பழகியவர்களுக்கு, பார்க்க ஒருவருமே இல்லாத ஓரிடம் இருக்கும் என்று புத்தியில் ஏறவில்லை.

"அப்ப அந்த ஆபீசர்?" என்று மரியதாசன் கேட்டார். "என்னப் பாத்தபடி இருந்தானே?"

"அவர் கேள்வி கேக்கிற ஆள் மட்டும்தான் அண்ணை" என்றேன்.

"ஆ."

இலவச வக்கீல் ஒருவர் கிடைத்தார். மேன்முறையீட்டுக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. விடுபட்ட பதிலைச் சத்தியக் கடதாசியாக அனுப்பலாம் என்றார். ஆனால் அது மட்டும் போனால், பிறகு யோசித்துக் கட்டிய கதை என்பார்கள். வாய்மூடி இருக்கச் சொல்லிப் பழக்கியவர்கள் தாங்கள்தான் என்று ஒரு கடிதம் கொடுத்தால் வழி பிறக்கும். கூடத்தின் பெயரில் ஒரு பக்கம், அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை மரியதாசன் டோர்வலிலிருந்து வேலைச் சட்டையோடு நேரே வந்தார். கேட்டார். கைகள் உயர்ந்தன. அவருடையது, றோசலினுடையது, அண்ணன் தம்பி, உமாபதி, நான். கதிர்காமத்தம்பியின் கை மடியிலேயே இருந்தது.

கதிர்காமத்தம்பிக்கு விசாரணை அடுத்த மாதம். அதே மேசை, அதே கதிரை போட்டு அவரையும் பழக்கிக்கொண்டிருந்தோம். இங்கே ஆட்களைப் பழக்கி அனுப்புகிறார்கள் என்று கூடமே எழுதிக் கொடுத்தால் அவருடைய வாய்ப் பேச்சுக்கு என்ன பெறுமதி? எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்கவில்லை.

மரியதாசனின் கை மட்டும் மேலேயே நின்றது.

"கையை இறக்குங்கோ அண்ணை" என்றார் கதிர்காமத்தம்பி. "உளையப்போகுது."

றோசலின் எழும்பினா. "சேர், நீங்கள் இந்த நாட்டுக் குடிமகன். பேராசிரியர். கூடம் கிடக்கட்டும், நீங்கள் தனிய எழுதிக் குடுங்கோவன்."

உமாபதி மெதுவாகச் சொன்னார்: "எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவை மீறி நான் தனியா எழுதினா, அப்புறம் கூடம்னு ஒண்ணு எதுக்கு, றோசலின்? நான் கை தூக்கினேன். எல்லாரும் பாத்தீங்க."

நானும் தனியாக எழுதியிருக்கலாம். அந்த நாட்களில் என்னுடைய கடதாசிகளும் அதே அலுவலகத்தில் ஏதோவொரு மேசையில் கிடந்தன. தபால்காரன் படியேறும் சத்தம் கேட்டாலே கதவுக்குப் பின்னால் போய் நிற்பேன். கொப்பியில் 'முடிவு எட்டப்படவில்லை' என்று எழுதினேன். றோசலின் மட்டும் தன் பெயரில் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தா. ஒரு தோழியின் கடிதத்துக்கு என்ன பாரம் இருக்கும் என்று வக்கீல் உதட்டைப் பிதுக்கினார். மரியதாசனின் பதில் ஒட்டாவாவுக்குப் போனது. மூன்று வரி மறுப்பாகத் திரும்பி வந்தது.

இதற்குப் பிறகு எங்களுக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. அந்தக் கூச்சத்தை நாடகமாக்கினோம்.

யோசனை உமாபதியுடையது. "அந்தப் பிரதியை அப்படியே மேடை ஏத்துவோம். ஒரு எழுத்து மாத்த வேண்டாம். மேசை, ரெண்டு நாற்காலி. மரியதாசனுக்கு நாம செய்ய முடிஞ்ச மரியாதை இது. எல்லாருக்கும் சரிதானே?"

முதலில் உயர்ந்தது மரியதாசனின் கை. பழக்கம்.

பால்மா டின் சுற்றி வந்தது. அகதி வேடம் கதிர்காமத்தம்பிக்கு விழுந்தது. அதிகாரி வேடம் மரியதாசனுக்கு.

"திரும்பப் போடுவம்" என்றா றோசலின். "இதென்ன அநியாயம்?"

"சீட்டு சீட்டுதான்" என்றார் உமாபதி. "இது ஒரு அபூர்வமான அமைப்பு, யோசிச்சுப் பாருங்க. தானே தன்னைக் கேள்வி கேக்கறது."

"பரவால்ல" என்றார் மரியதாசன். "கேள்வியெல்லாம் எனக்குப் பாடம்தானே."

மார்கழியில் போட்டோம். எண்பது பேருக்கு மேல். வாசலில் பனிச் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. உமாபதியின் அழைப்பில் டாக்டர்களும் எஞ்சினியர்களும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். செலீன் தன் ஆட்களோடு பின்வரிசையில். கதிர்காமத்தம்பி அன்று வாய் திறக்காமலே கூடத்தைக் கட்டிப்போட்டார். அவர் இருபது எண்ணும் ஒவ்வொரு தடவையும் குழாய் அடிப்பது மட்டும் கேட்டது. பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

அதிகாரி கோட்டும் கழுத்துப்பட்டியும் மரியதாசனுக்குப் பெரிதாக இருந்தன. வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"உங்களை மட்டும் ஏன் விடுவித்தார்கள்?"

கதிர்காமத்தம்பி நிமிர்ந்து பார்த்தார். இருபது எண்ணி முடிந்தது. மரியதாசன் அடுத்த கேள்விக்குப் போகவில்லை.

"உங்களை மட்டும் ஏன் விடுவித்தார்கள்?"

இது பிரதியில் இல்லை. கதிர்காமத்தம்பியின் கண்கள் ஒரு தரம் உமாபதியைத் தேடின.

"சொல்லன் மனே" என்றார் மரியதாசன். அதிகாரியின் குரல் போய்விட்டது. "என்ன செஞ்சு தப்பின? சொல்லு. உனக்குத் தெரியுமே."

"அடுத்ததுக்குப் போங்கோ" என்று உதடு அசையாமல் கதிர்காமத்தம்பி சொன்னது முன்வரிசை வரை கேட்டது.

மரியதாசன் எழும்பி மேடையின் விளிம்புக்கு வந்தார். கோட்டின் கை அவருடைய விரல்களை மூடியிருந்தது. சனத்தைப் பார்த்துச் சொன்னார்:

"நான் கக்கூஸ் கழுவினன். அதாலதான் தப்பினன்."

பின்னாலிருந்து யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு இன்னொருவர். பிறகு கூடம் முழுக்க. வெள்ளைக்கார அதிகாரியாக வந்த ஆள், கழுத்துப்பட்டியோடு நின்று, மட்டக்களப்புப் பேச்சில் கக்கூஸ் கழுவினேன் என்கிறார். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அவ்வளவு நேரம் அழுகையை அடக்கியிருந்த சனம். ஒரு டாக்டர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். தமிழ் விளங்காத செலீனின் ஆட்களும் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். மரியதாசன் சிரிப்பு அடங்கும்வரை அப்படியே நின்றார். பிறகு போய் உட்கார்ந்து அடுத்த கேள்வியைக் கேட்டார்.

பிறகு வட்டம். மரியதாசனும் கதிர்காமத்தம்பியும் கீழே கதிரைகளில், கை முழங்காலில்.

"அகதியா நடிச்ச தம்பி பிரமாதம்" என்றார் கிரிஜா என்ற டாக்டரம்மா. "கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஆனா அந்த ஆபீசர் நடுவுல ஒரு காமெடி பண்ணினார் பாருங்க, அது வேண்டாமே. மூட் போயிடுச்சு."

"கொச்சை" என்றார் இன்னொருவர். "கக்கூஸ் எண்டு சொன்னால்தான் சனம் சிரிக்குமெண்டு நினைக்கக் கூடாது."

"எனக்கு அதுவே நம்பும்படியா இல்லை. அப்பிடி ஒரு காரணத்துக்கு ஆரும் ஒருத்தனை விடுவாங்களோ?" என்றார் மூன்றாமவர்.

உமாபதி அருகில்தான் நின்றார். எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மரியதாசன் ஒவ்வொருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு, சட்டப்படி, வாய் திறக்காமல் இருந்தார். எல்லோரும் போன பிறகு வாளியை எடுத்துக்கொண்டு கக்கூஸ் கழுவப் போனார். சீட்டு உண்மையில் அண்ணன் தம்பியில் அண்ணன்காரனுக்கு விழுந்திருந்தது.

தை மாதம் இரண்டு செய்தி வந்தன. கதிர்காமத்தம்பியின் கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவர் விசாரணையில் எல்லாக் கேள்விக்கும் வாய் திறந்து, தேதியோடு, தெளிவாகப் பதில் சொல்லியிருந்தார். ஒரு இடத்திலும் இருபது எண்ணவில்லை. சோளப்பொரி வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார். மரியதாசனும் ஒரு பிடி எடுத்தார். மற்றது, ரொறன்ரோவில் ஒரு தமிழ்ச் சங்கம் எங்கள் நாடகத்தைக் கூப்பிட்டிருந்தது. பெரிய மண்டபம். அகதிகளின் துயரத்தை இப்படி யாரும் காட்டியதில்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

மரியதாசனுக்கும் அந்தக் கிழமை ஒரு கடிதம் வந்திருந்தது. அதை அவர் கூடத்தில் வாசிக்கவில்லை. மெட்ரோவில் வரும்போது என்னிடம் மட்டும் சொன்னார். எலிசா இன்னும் சூட்கேசுக்குள்தான் படுக்கிறாளாம். இப்போது கால் நீட்ட இடம் காணாதாம். ஏன் இன்னும் கூப்பிடவில்லை என்று கிளி மூன்று தரம் எழுதிக் கேட்டுவிட்டாள்.

"என்ன எழுதினீங்கள் அண்ணை?"

அவர் கண்ணாடிக்கு வெளியே சுரங்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கூட்டம் தொடங்கியது. ரொறன்ரோவுக்குப் போவதா என்று உமாபதி கேட்டார். கைகள் உயர்ந்தன. ஒன்று, இரண்டு, ஆறு. நான் ஆறு என்று எழுதிவிட்டு, ஏழாவதை எழுதப் பேனாவை வைத்தபோதுதான் நிமிர்ந்தேன். மரியதாசனின் இரண்டு கையும் முழங்காலில் இருந்தன. கை தூக்கச் சொன்ன நேரத்தில் அந்தக் கையை நான் கீழே கண்டது அன்றைக்குத்தான்.

"அண்ணை, கை" என்றார் கதிர்காமத்தம்பி சிரித்தபடி. "நித்திரையோ?"

மரியதாசன் என் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மரியதாசன்?" என்று உமாபதி கேட்டார்.

"கேக்கக் கூடாது" என்றா றோசலின். "அதுதானே எங்கடை சட்டம்."

"இல்ல, இது வேற விஷயம். இது அவரோட கதை. நாங்க அவருக்காகத்தானே இவ்வளவும் பண்றோம். நாலு பேருக்குத் தெரிஞ்சா அவருக்குத்தானே நல்லது? சொல்லுங்க, ஏன் வேண்டாம்?"

குழாய் அடித்தது. நான் என்னையறியாமல் எண்ணத் தொடங்கியிருந்தேன். பதினேழில் மரியதாசன் என் பக்கம் திரும்பினார்.

"மனே, கொப்பியில எழுது."

"என்னெண்டு அண்ணை?"

"சேர்ர கேள்விய எழுது. கீழ, பதில் இல்லை எண்டு எழுது."

எழுதினேன். நான் எழுதி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, மரியதாசன் எழும்பிக் கோட்டைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். இன்னும் ஐந்து மணி ஆகவில்லை, இரண்டாம் மாடியில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவருடைய காலடிச் சத்தம் அதற்குள் போய்விட்டது.

டின் சுற்றி வந்தது. கக்கூஸ் சீட்டு எனக்கு விழுந்தது. வாளியை எங்கே வைப்பது வழக்கம் என்று றோசலினிடம் கேட்டேன். தெரியாது என்றா. உமாபதியிடம் கேட்டேன், கதிர்காமத்தம்பியிடம் கேட்டேன். ஒரு வருடமாக நடத்திய கூடத்தில் அது ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.